வன்னியின் பழைய கதைகளுக்கு அந்தக் காலத்துப் பாணியில் படம் கீறுவது

ஆவணப்படம் எடுக்கிறவர்கள் என்னிடம் ஓவியம் கேட்டு வரும்போது, மாதிரிக்கென்று பெரும்பாலும் ஒரே வகைப் படத்தைத்தான் அனுப்புகிறார்கள். மண்ணிறத் தாள், விளிம்பு எரிந்திருக்கும், நடுவில் ஒரு கற்கோட்டை, அதன் மேல் முக்கோணக் கொடி. "அக்கா, இந்த மாதிரிப் பழைய ஸ்டைலில் கீறித் தாங்கோ" என்பார்கள். கதை என்னவென்று கேட்டால் அடங்காப்பற்று எனப்பட்ட வன்னியை ஆண்ட வன்னியர் கதை, அல்லது மன்னார்ப் பக்கத்து மாதோட்டத் துறைமுகம், அல்லது சோழர் படை வந்தது. அவர்கள் அனுப்பிய தாள் ஐரோப்பாவின் தோல்தாள். நம்முடைய பக்கத்தில் அந்த நூற்றாண்டுகளில் எழுதியது பனையோலையில். படம் எழுதியது கோயில் சுவரிலும் சீலையிலும்.

நான் இருப்பது முள்ளியவளையில். கோயில் திரைச்சீலை, தேர்ச்சீலை, கடைப் பெயர்ப்பலகை என்று எழுதிப் பழகிய கை. இப்போது வருகிற வேலையில் பாதிக்கு மேல் ஆவணப்படங்களுக்கானது. கிளிநொச்சியிலும் மல்லாவியிலும் ஒட்டுசுட்டானிலும் டப்லெட் வைத்துக்கொண்டு நன்றாகக் கீறுகிற பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களிடம் வேலை கொடுக்கப்போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஏன் அந்தக் காலத்துப் பாணி என்ற கேள்விக்கு எனக்குத் தெளிவான பதில் உண்டு. வன்னியை ஆண்டவர்களில் ஒருவருடைய முகமும் அவர் காலத்து ஓவியமாக நமக்குக் கிடைக்கவில்லை. கடைசி வன்னியனான பண்டாரவன்னியனுக்கே இல்லை. வவுனியாவில் நிற்கும் சிலையின் முகத்தைத்தான் பிள்ளைகள் அவருடைய முகமாக மனதில் வைத்திருக்கிறார்கள். இடப்பெயர்வுகளில் ஏடுகளும் குடும்பப் படங்களும் போய்விட்ட ஊர்கள் இவை. இங்கே ஒரு படம் திரையில் பத்து விநாடி வந்தால் போதும், அதுவே சாட்சியாகிவிடும். ஒளிப்படம் போலத் தத்ரூபமாகக் கீறினால் "இப்படித்தான் இருந்தது" என்று அது அடித்துச் சொல்லும். கோடும் தட்டையான நிறமுமாகக் கீறினால், இது சொல்லப்படுகிற கதை என்று பார்க்கிறவருக்கு உடனே விளங்கும். அந்த நேர்மைக்காகத்தான் நான் இந்தப் பாணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

எந்த நூற்றாண்டு, யாருடைய கண்

கதையை வாங்கியதும் முதலில் ஆண்டைக் கேளுங்கள். "மன்னர் காலம்" என்று ஒரு காலம் கிடையாது. சோழர் ஆட்சி இங்கே 993 அளவில் தொடங்கி 1070இல் முடிகிறது. கலிங்கத்து மாகன் படையெடுத்தது 1215இல். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் அதற்குப் பிறகு. பண்டாரவன்னியன் கற்சிலைமடுவில் தோற்றதாக அங்கே நின்ற கல் சொல்லும் நாள் 1803 அக்டோபர் 31. அந்தக் கல்லில் உள்ளது வென்ற பிரித்தானியருடைய வாசகம். 993க்கும் 1803க்கும் இடையில் எண்ணூறு ஆண்டு கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே மண்ணிறத் தாளைப் போடுவது அந்த எண்ணூறு ஆண்டையும் அழிப்பதாகும்.

ஆண்டு தெரிந்த பிறகு, அந்தக் காலத்தில் எந்தக் கண் இந்தக் காட்சியைப் பார்த்திருக்கும் என்று கேளுங்கள். சோழர் கால மாதோட்டம் என்றால் எனக்கு வழிகாட்டி தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றுச் சுவர் ஓவியங்கள். மேலே பூசியிருந்த நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் அவை மறைந்து கிடந்தன. 1931இல்தான் வெளியே தெரிந்தன. தாழிகுமரன் என்ற சோழ அதிகாரி மாதோட்டத்தில் இராசராச ஈசுவரம் என்று ஒரு கோயில் எடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அந்தக் கோயிலைத் தஞ்சைச் சுவரின் கோட்டில் கீறினால் பொருத்தம் தானாக வரும். 12, 13ஆம் நூற்றாண்டுக் கதைக்குப் பொலனறுவையின் திவங்க சிலைமனைச் சுவர்களைப் பாருங்கள். வவுனியாவிலிருந்து காலையில் வெளிக்கிட்டால் பார்த்துவிட்டு அன்றே திரும்பலாம். அங்கேயே சோழர் காலச் சிவாலயமும் கல்லில் நிற்கிறது. அதன் அளவையும் கோணத்தையும் கையால் கீறிக்கொண்டு வாருங்கள்.

தோல்தாள் பாணிக்கும் இடம் உண்டு, ஆனால் ஒரே ஒரு சந்தர்ப்பத்தில். மார்க்கோ போலோவின் வார்த்தையைக் கதைசொல்லி வாசிக்கும்போது அது நேர்மையான தெரிவு. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் அவருடைய பயணத்துக்குப் படம் எழுதியவர்கள் ஆசியாவைக் கண்ணால் கண்டதில்லை. கட்டடமும் உடையும் அவர்களுடைய ஊர் மாதிரியே வந்தன. வெளியாள் கண்ணில் நாம் எப்படித் தெரிந்தோம் என்பதை அந்தப் பாணியே சொல்லிவிடும். பண்டாரவன்னியன் கதைக்கோ சுவரோவியப் பாணி, தோல்தாள் பாணி இரண்டுமே சரிவராது. 1803இல் துப்பாக்கியும் பீரங்கியும் செஞ்சட்டையும் வந்துவிட்டன. அதற்கு அந்தக் காலத்துச் செப்புத்தகட்டு அச்சுப்படம் போன்ற நெருக்கமான கறுப்புக் கோடுதான் சரி. படம் எடுக்கிறவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் பொறுமையாக விளக்குங்கள். நான் இந்த இடத்தில் விட்டுக்கொடுப்பதில்லை.

ஒரே படத்தில் ஒரு முழுக்கதை

பாணி என்பது தாளின் நிறத்தில் இல்லை, காட்சியை அடுக்குகிற முறையில் இருக்கிறது. அதை மூன்று நான்கு பழக்கங்களாகப் பிடித்துக்கொள்ளலாம்.

தூரத்தில் இருப்பதைச் சிறிதாக்காதீர்கள், மேலே ஏற்றுங்கள். யார் முக்கியமோ அவர் பெரிசு: மன்னன் யானைக்குச் சமமாக இருக்கலாம், குடைபிடிப்பவன் அவன் இடுப்பளவு நிற்கலாம். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வராது, ஆகவே நிலத்தில் நிழல் விழாது. உருண்டை காட்ட வேண்டுமென்றால் கோட்டை ஒட்டி உட்புறம் அதே நிறத்தைக் கொஞ்சம் அழுத்துங்கள், போதும். குளத்தை மேலிருந்து பார்த்தபடி கீறுங்கள், அதற்குள் மீனைப் பக்கவாட்டில் கீறுங்கள். சித்தன்னவாசல் தாமரைக் குளத்தில் இதைப் பார்க்கலாம். மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கிற ஆட்கள் எல்லாம் ஒரே பரப்பில், ஒன்றை ஒன்று மறைக்காமல் இருக்கும். வன்னிக் குளம் ஒன்றைக் காட்ட இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. குளக்கட்டு, தண்ணீர் திறந்துவிடும் துருசு, மேலதிக நீர் வான் பாய்கிற இடம், கீழே வாய்க்கால், வயலில் சூடு மிதிக்கும் எருமைகள் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் விளக்கிவிடலாம். தத்ரூபமாகக் கீறினால் ட்ரோன் காட்சிதான் வரும், துருசு கண்ணுக்கே தெரியாது.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரே ஆளை ஒரே படத்தில் பல தடவை கீறுவது. தஞ்சைச் சுவரில் சுந்தரர் கதை அப்படித்தான் ஓடுகிறது. திருமணத்தில் கிழவர் ஓலையோடு வந்து வழக்குப் போடுவதும், கடைசியில் சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குப் போவதும் ஒரே பரப்பில் இருக்கின்றன. நடுவில் சட்டம் போட்டுப் பிரிப்பதில்லை. ஒரு மரம், ஒரு கட்டடம், ஆட்கள் முகம் திரும்பியிருக்கும் திசை, இவைதான் பிரிப்பு.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கதையை எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. நந்திக்கடல் கரையில் மாடு மேய்க்கிற சிறுவர்களிடம் ஒரு கிழவி வருகிறாள். அவர்கள் இலைகுழையால் பந்தல் போட்டு, பொங்கிக் கொடுக்கிறார்கள். விளக்கு ஏற்ற எண்ணெய் இல்லை, கடல்நீரை விட்டு ஏற்றச் சொல்கிறாள், எரிகிறது. தலையில் பேன் பார்க்கச் சொல்கிறாள். முடியை விலக்கினால் தலை நிறையக் கண்கள். பிறகு ஆளைக் காணவில்லை. இதை ஐந்து தனிப் படமாகக் கேட்பார்கள். ஒரே நீளப் படமாகக் கீறுங்கள். இடது ஓரத்தில் கடல் நீர், அலையைச் சுருள் சுருளாக ஒரே அளவில் அடுக்கியபடி. கிழவி முதல் தடவை சிறுவர்களுக்குச் சமமான உயரம். பந்தலின் கீழ் இரண்டாவது தடவை, கொஞ்சம் பெரிசு. விளக்கின் அருகில் மூன்றாவது. பேன் பார்க்கிற இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தும் சிறுவர்களைவிட உயரமாகிவிட வேண்டும். வலது ஓரத்தில் வேப்பமரம் மட்டும், அதன் கீழ் வெறும் இடம், அதைப் பார்த்தபடி மாடுகள். சேலையின் நிறத்தை நான்கு இடத்திலும் மாற்றாதீர்கள், அதுதான் பார்க்கிறவரைக் கூட்டிக்கொண்டு போகும் கயிறு. முகத்தை நேராகவோ முழுப் பக்கவாட்டாகவோ வைக்காமல் முக்கால் பங்கு திருப்பி, அடுத்த நிகழ்வின் பக்கம் பார்க்க வையுங்கள். கமெரா இடமிருந்து வலமாக ஒரு இருபது விநாடி நகர்ந்தால் கதை முழுவதும் சொல்லியாகிவிடும். வெட்டு ஒன்றும் தேவையில்லை.

நிறம்

அந்தக் காலத்துச் சுவரில் நிறங்கள் குறைவு. காவிச் சிவப்பு, மஞ்சட் காவி, சுண்ண வெள்ளை, புகைக்கரி, ஒரு மண்பச்சை. நீலம் அரிது. அதை எல்லா இடத்திலும் அள்ளிப் பூசினால் படம் இந்தக் காலத்துக்கு வந்துவிடும். ஒரு படத்தில் ஒரு இடத்துக்கு மட்டும் நீலம் வைப்பது என் வழக்கம்.

டிஜிட்டலில் கீறினாலும் ஒரு தடவையாவது இந்த நிறங்களைக் கையால் செய்து பாருங்கள். வன்னியில் இதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. செம்மண்ணைத் தண்ணீரில் கலக்கி, மணல் அடியில் இறங்கியதும் மேலே நிற்கிற கலங்கல் நீரை வேறு பாத்திரத்துக்கு ஊற்றுங்கள். அது தெளிந்ததும் அடியில் மாப்போல ஒரு படிவு நிற்கும். அதைக் காயவைத்தால் காவி. நல்லெண்ணெய் விளக்கின் மேல் மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தால் கரி பிடிக்கும். பிணைப்புக்கு விளாம்பிசின். இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவிட்டு, துணியில் வடித்து, நிறத்தோடு குழைக்க வேண்டும். பிசின் குறைந்தால் காய்ந்தபின் விரலில் ஒட்டும், கூடினால் வெடிக்கும். ஓரத்தில் பூசிப் பார்த்துச் சரிசெய்யுங்கள். வெள்ளைக்கு நீற்றுச் சுண்ணாம்பு பாவிக்கிறவர்கள் கண்ணையும் கையையும் கவனியுங்கள், அது சுடும்.

இவற்றைத் தடித்த தாளில் தனித்தனிப் பட்டையாகப் பூசி, 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து வையுங்கள். அந்தப் பட்டைகளே உங்கள் டிஜிட்டல் நிறத்தட்டு, உங்கள் பின்னணிப் பரப்பும் அவைதான். இணையத்தில் இறக்குகிற "பழைய தாள்" படங்களில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: நிறம் ஒரே சீராக இராது, தூரிகை போன வழி தெரியும்.

கோடு முதலில் காவியில், மெல்லியதாக. நிறம் நிரப்பிய பிறகு கடைசிக் கோடு கறுப்பிலோ கடும் சிவப்பிலோ. தோளும் இடுப்பும் வருகிற இடத்தில் தடித்து, விரல் நுனியில் மெலிய வேண்டும். ஒரே தடிப்பில் ஓடுகிற கணினிக் கோடு படத்தைக் காட்டூனாக்கிவிடும். பேனையின் அழுத்தத்தை உணர்கிற தூரிகையை கிறிட்டா என்ற ஓவிய மென்பொருளில் இலவசமாகவே வைத்துக்கொள்ளலாம்.

மரம், வீடு, உடை

பிழை நுழைவது பெரும்பாலும் பின்னணியில்தான். கோயில் வாசலில் வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாக ஈழத்தலரி மரம் வைத்தால் வடிவாக இருக்கும். ஆனால் அது அமெரிக்காவிலிருந்து வந்த மரம், போர்த்துக்கேயர் கப்பல் இந்தியாவுக்கு வந்த 1498க்கு முன் இந்தப் பக்கத்தில் இருந்திருக்க முடியாது. மிளகாய், தக்காளி, பப்பாசி, அன்னாசி, கொய்யா, மரவள்ளி, கச்சான், சோளம் (மக்காச்சோளம்), புகையிலை, மரமுந்திரிகை எல்லாம் அந்தக் கணக்கில்தான். சோழர் காலச் சமையற் காட்சியில் மிளகைப் போடுங்கள். காட்டுக்குப் பாலை, வீரை, முதிரை, கருங்காலி, நாவல். ஆற்றங்கரைக்கு மருது. ஊருக்குள் இலுப்பை, புளி, பனை, வேம்பு. இவை நம் கண் முன்னால் நிற்கின்றன. ஒவ்வொன்றின் இலைக் கொத்தையும் ஒரு தடவை நேரில் பார்த்துக் கீறி, அதை ஒரு வடிவமாகச் சுருக்கி, மரம் முழுவதும் அந்த வடிவத்தை அடுக்குங்கள். பழைய ஓவியர்கள் மரத்தை இலையால்தான் அடையாளம் காட்டினார்கள்.

கோட்டை என்றதும் கல்மதில் கீற வேண்டாம். 1344இல் ஆரியச்சக்கரவர்த்தியைப் பார்த்த மொரோக்கோப் பயணி இபின் பதூதா, புத்தளத்து நகரைச் சுற்றி மரத்தாலான மதிலும் மரக் கோபுரங்களும் இருந்ததாக எழுதியிருக்கிறார். கரையெங்கும் ஆறு அடித்துக்கொண்டு வந்த கறுவாமரக் கட்டைகள் கிடந்ததையும் சொல்கிறார். மன்னன் முன்னால் முத்துக் குவியலும், மாணிக்கத்தில் செய்த ஒரு சிறு கிண்ணமும் இருந்தன. ஒரு காட்சிக்கு இதைவிட என்ன வேண்டும்? இன்றைய மாதிரிப் பல நிறம் பூசிய பெருங்கோபுரமும் சோழர் காலத்துக்குச் சரிவராது. அப்போது உயரம் கருவறைக்கு மேலுள்ள விமானத்துக்குத்தான். வீடுகளுக்குப் பனையோலை அல்லது புல்லுக் கூரை. மங்களூர் ஓடு 1860களுக்குப் பிறகு வந்தது.

உடை விஷயத்தில் தயாரிப்பாளர்களோடு கதைக்க வேண்டி வரும். தைத்த ரவிக்கை அந்தக் காலச் சிற்பங்களில் இல்லை. பெண்களுக்கு நான் மார்புக் கச்சும் நகையும் போடுகிறேன். சிற்பத்தில் சான்று உண்டு, குடும்பத்தோடு பார்க்கிறவர்களுக்கும் சங்கடம் இல்லை. வீரர்களுக்கு உலோகக் கவசமும் இறகு வைத்த தலைக்கவசமும் வேண்டாம். நடுகற்களில் உள்ளபடி இடைத்துணி, முடிந்த கொண்டை, வாள், கேடயம், ஈட்டி, வில்.

செயற்கை நுண்ணறிவில் படம் செய்து தருகிறவர்களும் இப்போது இருக்கிறார்கள். "பழைய தமிழ் மன்னன்" என்று கேட்டால் வடநாட்டுத் தலைப்பாகையும் ராஜஸ்தான் மாளிகையும்தான் அதிகம் வருகின்றன. அதன் மினுமினுப்பு தத்ரூபம் போலவே நடிக்கும். வன்னிக் கதைக்கு அதை நான் தொடுவதில்லை.

எழுத்து வந்தால்

படத்துக்குள் ஓலையோ கல்வெட்டோ வந்தால் இன்றைய எழுத்துருவைத் தட்டச்சு செய்து ஒட்டாதீர்கள். அந்தக் கால எழுத்தில் மெய்க்குப் பெரும்பாலும் புள்ளி இராது, சொற்களுக்கு நடுவில் இடைவெளி இராது. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் இரண்டையும் பிரிக்கிற இன்றைய முறை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தத்தோடு வந்தது. 15ஆம் நூற்றாண்டு எழுத்து வடிவத்துக்கு நல்ல மாதிரி, காலியில் 1911இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு. 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் அதில் உண்டு. கொழும்பு அருங்காட்சியகத்தில் போய்ப் பார்க்கலாம். ஓலை என்றால் நீளமாக, ஒடுக்கமாக, கயிறு கோக்கத் துளையோடு இருக்க வேண்டும். எழுத்தாணிக் கீறலில் கரி தேய்த்த பிறகுதான் எழுத்து கறுப்பாகத் தெரியும்.

கமெராவுக்காக

இது வேகமாகச் சொல்லிவிடக்கூடிய பகுதி. முடிகிற படம் 4கே என்றால் திரை 3840க்கு 2160 பிக்சல். கமெரா நெருங்கிப் போவதற்கு இடம் வேண்டும், ஆகவே ஒற்றைக் காட்சியை 7000 பிக்சல் அகலத்துக்குக் குறையாமல் கீறுங்கள். ஏ4 தாளை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் நீளப் பக்கம் அந்த அளவு வரும். வற்றாப்பளைக் கதை போன்ற நீளப் படத்துக்கு 10,000க்கு 3,000 நல்ல அளவு. அதில் ஒரு லேயர் நிரம்பினால் ஏறக்குறைய 120 மெகாபைட் நினைவகம் பிடிக்கும். பழைய மடிக்கணினி திணறும். லேயர்களை முடிந்தவரை சேர்த்துக்கொண்டே போங்கள், கரண்ட் போகிற ஊர் என்பதால் தானாகச் சேமிக்கிற நேரத்தை ஐந்து நிமிடமாக வையுங்கள்.

அசைவு கொடுக்கிறவருக்கு ஆட்கள், மரங்கள், நிலம், வானம் தனித்தனியாக வேண்டும். ஆளை எடுத்தால் பின்னால் ஓட்டை தெரியாமல் அங்கேயும் கீறி நிரப்பியிருக்க வேண்டும். ஆனால் முன்னணியையும் பின்னணியையும் வேறு வேறு வேகத்தில் நகர்த்தி ஆழம் காட்ட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தட்டையாக அடுக்கிய படத்தில் அது பொய்யாக நிற்கும். விளக்குச் சுடர், தண்ணீர்ச் சுருள், கொடி நுனி, இவை மெல்ல அசைந்தால் போதும். மெல்லிய கிடைக்கோடுகள் கமெரா நகரும்போது மின்னும், ஆகவே இறுதி அளவில் எந்தக் கோடும் மூன்று பிக்சலுக்குக் குறையக் கூடாது. கீழ் ஐந்தில் ஒரு பங்கில் முகமோ கையோ வைக்க வேண்டாம், அது திரையில் வசன எழுத்து வருகிற இடம்.

ஒப்படைக்கும்போது படத்தோடு ஒரு பக்கத் தாள் சேர்த்து அனுப்புங்கள். மதில் எங்கிருந்து எடுத்தது, உடை எந்தச் சிற்பத்தைப் பார்த்தது, எது முழுக்க உங்கள் ஊகம் என்று மூன்று பத்தியில் எழுதினால் போதும். முகங்கள் எப்போதும் மூன்றாவது பத்தியில்தான் வரும். திரையின் ஓரத்தில் "ஓவியரின் கற்பனை" என்று போடும்படி அந்தத் தாளிலேயே கேளுங்கள். எழுத்து இருபது வயதுக்காரரும் எழுபது வயதுக்காரரும் வாசிக்கிற அளவில், படம் நிற்கும் நேரம் முழுவதும் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.